தமிழ்வழி அன்றாட ஆங்கிலக் கையேடுகள்: சொல்லும் தொடரும் சூழலும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்களையும் வழக்குத் தொடர்களையும் தமிழ் வழியாகக் கற்பிக்கும் கையேடுகள் தமிழகத்தில் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. பள்ளிக்கு வெளியே ஆங்கிலம் கற்க முனைந்தோருக்கு இவை ஆசிரியரின் இடத்தை நிரப்பியுள்ளன. எனினும் திறனாய்வுக்குரிய ஒரு நூல்வகையாக இவை போதிய அளவில் எண்ணப்படவில்லை. இந்நூல்வகையின் அமைப்பு, ஒலிபெயர்ப்பு நெறி, தொடர்த் தேர்வு ஆகியவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத் வட்டாரக் கற்போரின் வாழ்வுச் சூழல் இம்மதிப்பீட்டுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. கையேடுகள் கற்பவரை விடை சொல்பவராகவே உருவகித்துள்ளன. வினவுபவராகக் காணவில்லை என்பதும், அவரிடம் முன்பே உள்ள ஆங்கிலச் சொல்வளத்தை அவை கணக்கில் கொள்ளவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: தமிழ்வழி ஆங்கிலம், கையேடுகள், ஒலிபெயர்ப்பு, பணிவு வழக்கு, கடன்சொற்கள், வாலாஜாபாத்.

முன்னுரை

ஒரு மொழியைக் கற்பிக்கும் நூல், சொற்களை மட்டும் கற்பிப்பதில்லை. அம்மொழியை எவர், எவரிடம், எந்நோக்கில் பேசுவார் என்ற ஒரு கற்பனையையும் அது தன்னுள் கொண்டுள்ளது. பாடநூல்களில் உள்ள இக்கற்பனை கல்விப்புலத்தில் அவ்வப்போது விவாதிக்கப்படுகிறது. பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் விற்கும் ஆங்கிலக் கையேடுகளோ அவ்விவாதத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன. அவற்றை வாங்குவோர் பெரும்பாலும் தமிழ்வழியில் பயின்றவர்கள். குடும்பத்தில் முதல் தலைமுறையாக ஆங்கிலம் தேவைப்படும் பணிக்கோ உயர்கல்விக்கோ செல்பவர்கள். கற்க முயன்று இடையில் நின்றால், குறை நூலில் உள்ளதா என்று அவர்கள் வினவுவதில்லை. தம்மிடமே குறை உள்ளது என முடிவு செய்துகொள்கின்றனர். இந்நூல்வகையைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதன் தேவை இங்குதான் எழுகிறது.

வாலாஜாபாத்: பாசறை முதல் தொழிற்சாலை வரை

பாலாற்றங்கரையில் அமைந்த வாலாஜாபாத், ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலேயப் படையின் பாசறை இங்கு இருந்தது. எனவே இவ்வட்டாரத்தில் ஆங்கிலம் பள்ளியின் வழியாக வருவதற்கு முன்பே ஏவலின் வழியாக வந்துவிட்டது. துபாஷிகள், சமையற்காரர்கள், பல்லக்குத் தூக்குவோர், பண்டங்கள் விற்போர் முதலியோர் இலக்கணம் கல்லாமல் செவிவழியே கற்ற ஆங்கிலம் பாசறை நகரங்களுக்கு உரியது.

சென்னை மாகாணத்துப் பணியாளர்களின் இத்தகைய பேச்சை 1886இல் வெளிவந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி 'பட்லர் இங்கிலீஷ்' என்ற தலைச்சொல்லின்கீழ்ப் பதிவு செய்தது. ஹூகோ ஷூகார்ட் 1891இல் இந்திய ஆங்கிலம் பற்றி எழுதியபோது இதனை ஆராய்ச்சிக்குரிய மொழிவடிவாக எடுத்துக்கொண்டார். 'சொல்லிவிட்டேன்' என்னும் பொருளில் 'ஐ டன் டெல்' என்பது இதன் அறியப்பட்ட வடிவங்களுள் ஒன்று. தமிழின் 'சொல்லியாயிற்று' என்ற முற்றுப்பொருள் துணைவினை அமைப்பு இதன் பின்னே செயற்பட்டிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின் இது வெறும் பிழையன்று. தாய்மொழியின் கருவியைக் கொண்டு அயல்மொழியைக் கையாண்ட முயற்சியாகும். எனினும் அது ஆட்சியாளரின் நகைப்புக்கே உரியதாயிற்று. பிழைபடப் பேசினால் நகைப்பர் என்ற அச்சம் இன்றுவரை தமிழ்வழிக் கற்போரைத் தொடர்கிறது.

ஆங்கிலம் அறியாமையின் விலை இதைவிடப் பெரிது என்பதை மாயூரம் வேதநாயகம் பிள்ளை அறிந்திருந்தார். முன்சீபாகப் பணியாற்றிய அவர், 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், வழக்காடும் மக்களுக்குப் புரியாத மொழியில் நீதிமன்றம் நடப்பதைக் கண்டித்துள்ளார். தனக்குரிய செய்தி தனக்குப் புரியாத மொழியில் முடிவாவதே அவர் சுட்டிய அநீதி.

இன்றைய வாலாஜாபாத்தின் சூழல் வேறு. வண்டலூர்–வாலாஜாபாத் நெடுஞ்சாலை ஒரகடம் தொழிற்பகுதியை ஊடுருவிச் செல்கிறது. வடக்கே சுங்குவார்சத்திரமும் திருப்பெரும்புதூரும் உள்ளன. 1990களின் பிற்பகுதி முதல் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி வளர்ந்த வாகன, மின்னணுத் தொழிற்சாலைகள், உழவும் நெசவும் அறிந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பணிக்கு அழைத்தன. பணி ஆணை, சம்பளச் சீட்டு, பாதுகாப்பு அறிவிப்பு, விடுப்பு மின்னஞ்சல் ஆகியவை பெரிதும் ஆங்கிலத்தில் அமைகின்றன. அண்டையிலுள்ள உத்திரமேரூரின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், சபை உறுப்பினர் ஆவதற்கு நிலம், சொந்த மனை, வயது ஆகியவற்றோடு கல்வியையும் தகுதியாக விதித்தன. எந்தக் கல்வி தகுதியாகும் என்பதை அதிகாரத்தில் உள்ளோரே வரையறுக்கின்றனர் என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே ஆயிரம் ஆண்டுச் சான்று உள்ளது. இன்று அத்தகுதியின் பெயர் ஆங்கிலம்.

நூல்வகையின் அமைப்பு

'30 நாட்களில்' என்ற தலைப்பு வரிசையில் சென்னைப் பதிப்பகங்கள் வெளியிட்டவையும், தில்லியிலிருந்து பல இந்திய மொழிகளில் வெளிவந்த ரேபிடெக்ஸ் வரிசையும் இந்நூல்வகைக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். தலைப்பிலோ பாடப்பகுப்பிலோ நாட்கணக்கு இடம்பெறுவது இவற்றின் பொது இயல்பு. உள்ளே ஆங்கிலச் சொல், அதன் தமிழ் ஒலிபெயர்ப்பு, பொருள் என மூன்று பத்திகள் அமையும். எழுத்துகள், உடல் உறுப்புகள், உறவுப் பெயர்கள், காய்கனிகள், விலங்குகள் எனப் பெயர்ச்சொல் பட்டியல்கள் முதலில் வரும். வினைச்சொற்களும் காலங்களும் அடுத்து வரும். உரையாடல்கள் பெரும்பாலும் இறுதிப் பகுதியில் இடம்பெறும்.

பெயர்களைப் பொருள்வகையால் தொகுக்கும் இம்முறை தமிழருக்குப் புதியதன்று. திவாகரம் முதலான நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் எனத் தொகுத்த மரபு நமக்கு உண்டு. ஆயின் நிகண்டு, மொழியை ஏற்கெனவே அறிந்தவன் செய்யுள் செய்வதற்கான கருவி. மொழியை அறியாதவன் பேசத் தொடங்குவதற்கு அதே வைப்புமுறை பொருந்துமா என்பது வினவத்தக்கது.

இங்கு மைக்கேல் வெஸ்ட் 1926இல் வங்காளக் கல்விச் சூழலை ஆராய்ந்து முன்வைத்த ஓர் அளவுகோல் பயன்படும். பாதியில் நிறுத்திய காப்பீட்டுக்கும் ஒரு சரண்டர் மதிப்பு உண்டு. அதுபோல், படிப்பை இடையில் விட்ட மாணவனுக்கு அதுவரை கற்றதால் என்ன பயன் கையில் நிற்கும் என்று அவர் வினவினார். முப்பது நாள் கையேட்டைப் பத்தாம் நாளில் மூடிவைக்கும் ஒருவருக்கு இவ்வினாவைப் பொருத்தினால் விடை ஏமாற்றம் தருவதாகவே உள்ளது. எழுத்துகளும் பழங்களின் பெயர்களும் அவர் கையில் எஞ்சும். 'எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்' என்ற ஒரு தொடர் எஞ்சாது. இரவுப்பணி முடிந்து திரும்புவோர் நூலை இடையில் விடுவது விதிவிலக்கன்று. அந்நிலையை எதிர்நோக்கி அமைக்கப்படாமை இந்நூல்வகையின் அடிப்படைக் குறை.

ஒலிபெயர்ப்பும் தொல்காப்பிய நெறியும்

கையேடுகளின் நடுப்பத்தியான தமிழ் ஒலிபெயர்ப்பே அவற்றின் ஈர்ப்பும் இடரும் ஆகும். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்க இயலாதவரும் அதன் உதவியால் உடனே வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. ஆனால் தமிழெழுத்து ஒலிப்புடை, ஒலிப்பிலா வல்லினங்களை வேறுபடுத்துவதில்லை. வளர்ப்பு விலங்கு, பந்தயம், படுக்கை ஆகிய பொருள்களைத் தரும் மூன்று ஆங்கிலச் சொற்களும் 'பெட்' என்றே எழுதப்படும். மேலங்கி, வெள்ளாடு, குறியீடு ஆகிய மூன்றும் 'கோட்' ஆகும். தமிழில் ஒலிப்பு இடத்தால் அறியப்படுகிறது. 'பம்பரம்' என்ற சொல்லில் முதற் பகரமும் இடைப் பகரமும் வேறாக ஒலிப்பதை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு பொருளையே மாற்றும். கையேடுகள் இதனை முன்னுரையில் ஒரு வரியில் சுட்டினாலும் பயிற்சியாக்குவது அரிது.

தொல்காப்பியம் எச்சவியலில் வடசொற்கள் தமிழில் வழங்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தொடு பொருந்த வரவேண்டும் என விதிக்கிறது. நன்னூல் மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளை வரையறுப்பதோடு வடமொழியாக்கத்தையும் விரிக்கிறது. 'ரோடு', 'பஸ்ஸு', 'லேட்டு' என ஈற்றில் உகரம் பெறுவதும், 'இஸ்கூல்' என முதலில் இகரம் பெறுவதும் இந்நெறி இன்றும் பேச்சில் உயிர்ப்புடன் இருப்பதைக் காட்டுகின்றன. ஆயினும் இது தமிழுக்குள் வந்து சேரும் சொல்லுக்கு உரிய நெறி. தமிழர் வெளியே சென்று கற்கும் மொழிக்கு உரியதன்று. கையேடுகள் இவ்விரு செயல்களையும் ஒன்றாக மயங்கிக் கொண்டன. கடன் பெறும் சொல்லின் இலக்கணத்தைக் கற்கும் மொழியின் இலக்கணமாக்கியதால், கற்பவர் பேசுவது தமிழாக்கப்பட்ட ஆங்கிலமாகிறது. அதற்கான பழியை அவரே சுமக்கிறார்.

தொடர்களும் பணிவும்

சொல்லுக்குச் சொல் நிகர் தரும் முறை தொடர்களில் மேலும் இடர்ப்படுகிறது. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்கு இரண்டு தம்பிகள் உண்டு' என நான்காம் வேற்றுமையில் நிற்கும் அனுபவிப்பவர், ஆங்கிலத்தில் எழுவாயாக வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே சொல்லில் அடங்குவர். சித்தப்பாவும் மாமாவும் 'அங்கிள்' ஆவர். 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு மறையும். 'நீங்கள் வீட்டில் எத்தனையாவது பிள்ளை' என்ற எளிய வினாவுக்கு ஆங்கிலத்தில் நேர்த்தொடர் இல்லை; வினாவையே வேறாக அமைக்க வேண்டும். இவ்விடங்களில் கற்பவருக்குத் தேவைப்படுவது அகராதிப் பொருள் அன்று, இரு மொழிகளின் வேறுபாட்டு விளக்கம்.

பணிவு வழக்கில் இதன் விளைவு மனித உறவையே தொடுகிறது. தமிழில் மரியாதை வினைமுற்றின் ஈற்றில் உள்ளது. 'கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்' என்பதில் 'கொஞ்சம்' என்ற அடையும் '-ங்கள்' என்ற ஈறும் வேண்டுகோளைத் தாங்குகின்றன. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கிவ் மீ சம் வாட்டர்' என ஏவலாகிவிடும். தமிழில் பணிவாகப் பேசும் ஒருவர் ஆங்கிலத்தில் முரடராகத் தோன்றுகிறார். இதனை உள்ளூர உணர்ந்த கற்போர், இழந்த '-ங்கள்' ஈற்றுக்கு ஈடாகத் தொடர்தோறும் 'சார்', 'மேடம்' சேர்க்கின்றனர். அதனை அடிமை மனப்பான்மை என எள்ளுவோர், அதில் உள்ள இலக்கணத்தைக் காணத் தவறுகின்றனர். 'போய் வருகிறேன்' என்ற விடைபெறல் 'ஐ வில் கோ அண்ட் கம்' ஆவதும் இத்தகையதே. 'போகிறேன்' என்று மட்டும் சொல்வது அமங்கலம் என்ற பண்பாட்டு நுட்பத்தை அத்தொடர் சுமந்து நிற்கிறது.

'சாப்பிடவில்லையா' என்ற எதிர்மறை வினாவுக்கு 'ஆமாம், சாப்பிடவில்லை' என உடன்படுவது தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில் அதற்கு மறுப்புச் சொல்லே முன்வர வேண்டும். பணியிடத்தில் 'இயந்திரத்தைச் சோதிக்கவில்லையா' என்ற வினாவுக்கு 'எஸ் சார்' என்ற விடை, சோதித்ததாகவே பொருள்படும். ஒரு வழக்குத் தொடரின் பிறழ்ச்சி விபத்துக்கும் வழிவகுக்கக்கூடும் என்பதால் இது வெறும் மொழிநடைச் சிக்கல் அன்று.

எவருடைய அன்றாடம்?

'அன்றாட ஆங்கிலம்' என்பதில் எவருடைய அன்றாடம் குறிக்கப்படுகிறது என்பது அடுத்த வினா. கையேடுகளின் உரையாடல்கள் கடைவீதி, மருத்துவமனை, இரயில் நிலையம், நேர்முகத் தேர்வு என அமைகின்றன. அவற்றில் கற்பவர் பெரும்பாலும் வாடிக்கையாளராகவோ விண்ணப்பதாரராகவோ வருகிறார். வாலாஜாபாத் கடைவீதியில் காய்கறி வாங்க ஆங்கிலம் வேண்டுவதில்லை. வேண்டப்படும் இடத்தில் அவர் வாடிக்கையாளரும் அல்லர். சம்பளத்தில் பிடித்தம் ஏன் என்று கேட்கவும், கையொப்பமிடும் முன் படிக்க நேரம் வேண்டவும், பாதுகாப்பு உறை பழுதானதைத் தெரிவிக்கவும், மிகைநேரப் பணியை மறுக்கவும் உரிய தொடர்கள் அவருக்குத் தேவை. கல்லூரி மாணவிக்கோ, பாடம் புரியாதபோது வகுப்பில் எழுந்து வினவும் தொடர் தேவை. நேர்முகத் தேர்வுக்கான தன்னறிமுகத்தை மனனம் செய்விக்கும் நூல், கேட்ட வினாவுக்கு விடை சொல்லப் பழக்குகிறது. எதிர்வினா எழுப்பப் பழக்குவதில்லை. பாசறைக் காலத்து ஆங்கிலம் ஏவலைப் புரிந்துகொள்வதற்கானதாக இருந்தது. நூல்வகை மாறினும் கேட்பவர், சொல்பவர் என்ற இடப்பகுப்பு முழுமையாக மாறவில்லை.

மாற்றுவழி தமிழகத்திற்கு அறிமுகமற்றதும் அன்று. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியர் பிறருக்குப் பயிற்சி தரும் 'பனிப்பந்து' முறையில் பெரும் ஆங்கிலக் கற்பித்தல் இயக்கம் நடந்தது. அது தொடரமைப்புகளைப் படிமுறையில் பயிற்றியது. அதன் போதாமையை உணர்ந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் முதலிய ஊர்ப் பள்ளிகளில் செயல்வழிக் கற்பித்தலைச் சோதித்தார். கால அட்டவணையைப் படித்துச் சிக்கலுக்குத் தீர்வு காண்பது போன்ற செயல்களின் ஊடே மொழி கைவரும் என்பது அவர் கொள்கை. 1987இல் நூலாக வெளிவந்த இக்கொள்கை உலகளவில் விவாதிக்கப்பட்டது. கடைவீதிக் கையேடுகளின் அமைப்பில் அதன் தடத்தைக் காண்பது கடினம்.

அரசுப்பள்ளிகளில் 2012–13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் விரிவாக்கப்பட்டன. 2022இல் எண்ணும் எழுத்தும், நான் முதல்வன் ஆகிய திட்டங்கள் தொடங்கப்பட்டன. இவை பள்ளி, கல்லூரிக்குள் உள்ளோருக்கானவை. படிப்பை முடித்தோ விடுத்தோ வெளியேறியவருக்குக் கையேடும் கைப்பேசிக் காணொலியுமே துணை. காணொலிகள் ஒலிப்புக் குறையை ஓரளவு நீக்கினாலும், பல நேரங்களில் அதே மூன்று பத்திப் பட்டியலையே திரைக்கு மாற்றுகின்றன.

கற்போரிடம் முன்பே உள்ள சொற்கள்

கையேடுகள் கற்பவரை வெற்றுத்தாளாகக் கருதுகின்றன. உண்மையில் வாலாஜாபாத் வட்டாரத்தவர் ஒருவரின் ஒருநாள் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் மிகுதி. ஷிப்ட், ஓவர்டைம், சூப்பர்வைசர், டார்கெட், கேன்டீன் என்பன தொழிற்சாலைக்கு உரியன. பம்பு செட்டு, போர், கரண்ட், லோன் என்பன உழவருக்கு உரியன. டிசைன், சொசைட்டி, ஆர்டர் என்பன நெசவாளருக்கு உரியன. இச்சொற்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, பொருள் மாறாது வழங்குபவை: ஷிப்ட், லோன், டிசைன் போல்வன. ஒலிப்பைச் செம்மை செய்தால் இவை உடனே பயன்படும். இரண்டாவது, பொருள் குறுகியோ பெயர்ந்தோ வழங்குபவை: 'ஹோட்டல்' உணவகத்தையும், 'பேப்பர்' நாளிதழையும், 'கரண்ட்' மின்சாரத்தையும், 'போர்' ஆழ்துளைக் கிணற்றையும் குறிக்கும். இவற்றில் வேறுபாட்டை உணர்த்துவதே பாடம். மூன்றாவது, வடிவம் மாறியவை: பேருந்து நிறுத்தத்தைக் குறிக்கும் 'ஸ்டாப்பிங்' போல்வன. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, வழக்கில் உள்ள சொல்லை எடுத்துக்காட்டுத் தொடரோடு பதிவு செய்வதன் பயனை நிறுவியது. அந்நெறியில், தமிழில் வழங்கும் ஆங்கிலச் சொற்களை வட்டாரவாரியாகவும் தொழில்வாரியாகவும் தொகுத்தால், கையேட்டின் முதல் பாடம் கற்பவர் அறிந்ததிலிருந்தே தொடங்கும். முதல் நாளிலேயே தமக்கு நூற்றுக்கணக்கான சொற்கள் தெரியும் என அவர் காண்பது, அச்சத்தை நீக்கும் முதற்படியாகும்.

முடிவுரை

இக்கையேடுகளை மலிவு நூல்கள் எனப் புறந்தள்ளுவது நேர்மையான திறனாய்வு ஆகாது. ஆசிரியரும் கட்டணமும் இல்லாத இடத்தில், தமிழெழுத்து மட்டும் அறிந்தவரின் கையிலும் ஆங்கிலத்தை அவை சேர்த்தன. கற்பவரின் தாய்மொழியைக் கருவியாகக் கொண்டதும் அவற்றின் வலிமையே. குறை தமிழ்வழியில் இல்லை; அத்தமிழைச் சொற்பொருள் தரும் அளவில் நிறுத்தியதில் உள்ளது. இரு மொழிகளின் ஒலி, தொடர், பணிவு ஆகியவற்றின் வேறுபாட்டை விளக்கவும் தமிழே தக்க கருவி. அப்பணி தமிழாய்வாளரின் கடமையுமாகும். தமிழின் நான்காம் வேற்றுமையையும் '-ங்கள்' ஈற்றையும் அறிந்தவரே கற்பவர் எங்கே இடறுவார் என்பதை முன்னறிய முடியும்.

'எனக்கு இங்கிலீஷ் வராது' என்பது இவ்வட்டாரத்தில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் கேட்கும் தொடர். நீச்சல் வரும், கோலம் வரும், தறி ஓட்ட வரும் என்று தமிழர் சொல்வர். பழகப் பழகக் கைவரும் திறனைக் குறிக்கவே தமிழ் 'வரும்' என்ற வினையை வைத்துள்ளது. எவரும் நீரில் இறங்காமல் நீச்சல் கற்றதில்லை. பட்டியலை மனனம் செய்து மொழி வந்ததும் இல்லை. கையேட்டின் முதல் பக்கத்தில் பழங்களின் பெயருக்கு மாறாக, 'புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்' என்ற பொருளுடைய தொடர் இடம்பெறுமானால், பத்தாம் நாளில் நூலை மூடிவைப்பவரும் ஒரு வினாவோடு எழுந்து நிற்க இயலும்.